திங்கள் மட்டும்

சம்பந்தம் பேச வருகிறவர்கள் மற்ற வீடுகளில் என்னென்ன கேட்பார்களோ, இந்த வீட்டார் கேட்டது பதிவு நம்பரை. பெண் கொண்டுவந்து வைத்த தேநீரில் வாய் வைக்கும் முன்பே, மாப்பிள்ளையின் அப்பா கம்பவுண்டர் கையை நீட்டிவிட்டார்.

"சான்றிதழைக் கொஞ்சம் பார்க்கலாமாம்மா?"

பெண்ணின் அப்பா அலமாரியைத் திறந்து உறையோடு எடுத்துக் கொடுத்தார். கம்பவுண்டர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார், மருந்தாளுநர் மன்றத்தின் முத்திரையை விரலால் தடவினார், எண்ணை வாய்க்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். "பொண்ணு எங்களுக்குப் பிடிச்சிருக்கு" என்றார். அதற்குப் பிறகுதான் பெண் எந்தப் பக்கம் நிற்கிறாள் என்று நிமிர்ந்து தேடினார்.

தெரு சும்மா விடுமா? புகுந்த வீட்டுக்கு வந்த மறுவாரமே அவளுக்கு 'நம்பரம்மா' என்று பெயர் விழுந்துவிட்டது. அவள் கோபப்படவில்லை. படித்து வாங்கிய நம்பர்தானே, யார் வீட்டிலோ இரவல் வாங்கியதா என்று நினைத்துக்கொண்டாள்.

கம்பவுண்டர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. அவர் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு ஒரு டாக்டரிடம் சேர்ந்தவர். அந்தக் காலத்தில் மருந்து பாட்டிலில் வராது. பொடியாக, திராவகமாக வரும். டாக்டர் சீட்டில் கிறுக்குவார், கம்பவுண்டர் பீங்கான் கல்வத்தில் அரைத்து, அளந்து, கலக்கி, குலுக்கி, பாட்டிலில் ஊற்றிக் கொடுப்பார். பாட்டிலின் முதுகில் வெள்ளைத் தாளைப் பல்பல்லாக வெட்டி ஒட்டுவார். ஒரு பல் ஒரு வேளை. இருபது வருடம் அப்படி வெட்டினார். பிறகு சட்டம் வந்தது. படித்துப் பதிந்தவர் மேற்பார்வையில்தான் மருந்து விற்க வேண்டும், அனுபவசாலிகள் இன்ன தேதிக்குள் விண்ணப்பித்தால் அவர்களையும் பட்டியலில் சேர்ப்போம் என்றார்கள். அந்தத் தேதி வந்தபோது கம்பவுண்டர் மனைவியின் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மனைவியும் போய்ச் சேர்ந்தாள், தேதியும் போய்விட்டது.

அதன்பின் சொந்தமாகக் கடை வைத்தபோது, யாரோ ஒருவருடைய சான்றிதழைச் சுவரில் மாட்டி, அந்த மனிதர் கடைப்பக்கமே எட்டிப் பார்க்காமல் காலத்தை ஓட்டினார். மகனையாவது படிக்க வைக்கலாம் என்று பார்த்தார். "வேதியியலும் நானும் ரெண்டு தடவை நேருக்கு நேர் மோதினோம். ரெண்டு தடவையும் அதுதான் ஜெயிச்சுது" என்று மகன் சிரித்துக்கொண்டே மொத்தக் கடைகளுக்குப் போய்ச் சரக்கெடுக்கும் வேலைக்கு ஸ்கூட்டரில் ஏறிவிட்டான். ஆகவேதான் மருமகள் தேடும் படலம் பதிவு நம்பரில் தொடங்கியது.

முதல் இரண்டு வருடம் சான்றிதழ் கடையிலும் அவள் பின்கட்டு அடுப்படியிலுமாக இருந்தார்கள். மருந்துக் கடைகளைச் சோதிக்கும் ஆய்வாளர் வந்தால் கம்பவுண்டர் பின்கதவைத் தட்டுவார். அவள் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஓடி வந்து கையெழுத்துப் போடுவாள். மூன்றாவது முறை ஓடி வந்தபோது கையில் மாவு. ஆய்வாளர் அவள் கையைப் பார்த்தார், எதுவும் சொல்லவில்லை. சொல்லாததுதான் சுட்டது. மறுநாள் காலையில் அவள் வெள்ளை மேலங்கியை மாட்டிக்கொண்டு வந்து கவுண்டருக்குப் பின்னால் இருந்த உயரமான நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"மாமா, கை இருக்கிற இடத்துலதான் கையெழுத்தும் இருக்கும். இனி என்னால ஓடி வர முடியாது."

"அப்போ சமையல்?"

"காலையில ஆறு மணிக்கே ஆயிடும். மத்தியானம் சூடு பண்ணத் தெரியாதவங்க யாராவது இருக்காங்களா இந்த வீட்ல?"

கணவன் சட்டென்று கையைத் தூக்கினான். "நான் கத்துக்கிறேன்."

கம்பவுண்டர் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பக்கத்து முக்காலியில் உட்கார்ந்திருந்தார். அப்புறம் இறங்கி வந்தார். அவருக்கு எந்த மருந்து எந்தத் தட்டில் என்று கண்ணை மூடிக்கொண்டே கை போகும். அவளுக்கோ எந்த மருந்து எந்த மருந்தோடு சேராது என்று தெரியும். அவர் எடுத்து வைப்பார், அவள் பார்த்துக் கொடுப்பாள். ஆனால் அவளுடைய ஒரு பழக்கம் மட்டும் அவருக்குப் பிடிக்கவே இல்லை. அவள் கேள்வி கேட்பாள். வயிற்றுவலி மாத்திரைக்கு வந்தவரிடம் மூட்டுவலிக்கு என்ன சாப்பிடுகிறீர்கள் என்பாள். இருமல் மருந்து கேட்டவளிடம் வயிற்றில் எத்தனை மாதம் என்பாள். கடைசியில், "எப்படிச் சாப்பிடுவீங்க, எனக்குத் திருப்பிச் சொல்லுங்க" என்று பள்ளிக்கூடத்து டீச்சர் மாதிரி ஒப்பிக்க வைப்பாள்.

"மருந்து வாங்க வந்தாங்களா, பரீட்சை எழுத வந்தாங்களா?" என்று கம்பவுண்டர் முணுமுணுப்பார். "வரிசையைப் பாரு, தெருமுனை வரைக்கும் போகுது."

"வரிசை நின்னா காலு வலிக்கும், அவ்வளவுதானே மாமா. அதுக்கும் நம்மகிட்ட மருந்து இருக்கு."

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அது ஒரு திங்கட்கிழமை மாலை. வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. தையல்காரரின் மனைவி தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு ஓடி வந்தாள். தையல்காரருக்கு விரல் மூட்டெல்லாம் வீங்கி, ஊசியில் நூல் கோக்க முடியாமல் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. கத்தரிக்கோலைப் பிடித்தால் உயிர் போகிறது என்பார். பெரிய டாக்டர் பார்த்து ஒரு மஞ்சள் மாத்திரை எழுதியிருந்தார். அந்த மாத்திரை வாரத்துக்கு ஒன்றுதான். திங்கட்கிழமை இரவு ஒன்று, மறுபடி அடுத்த திங்கள். தினமும் போட்டால் அதுவே நஞ்சு. எட்டு வாரத்துக்கு எட்டு மாத்திரை.

கடையில் காகிதக் கவர் உண்டு. கவரின் மேல் மூன்று படம் அச்சடித்திருக்கும்: எழும் சூரியன், உச்சிச் சூரியன், நிலா. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காகக் கம்பவுண்டர் ஒரு காலத்தில் கையால் வரைந்து கொடுத்தது. பிறகு அச்சகத்துக்காரர் அதையே ஊரிலுள்ள எல்லாக் கடைக்கும் அடித்துக் கொடுத்துவிட்டார். மருமகள் எட்டு மாத்திரையைக் கவரில் போட்டாள். இரவு என்பதற்காக நிலாப் படத்தை டிக் செய்தாள். கிழமைக்காக அதன் பக்கத்தில் அழகாக 'திங்கள் மட்டும்' என்று எழுதினாள்.

"அம்மா, ஆட்டோ நிக்குது, அந்த ஆட்டோக்காரன் கத்துறான்" என்றாள் தையல்காரர் மனைவி. கவரை வாங்கி ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு மழையில் இறங்கிவிட்டாள். அன்றைக்கு மருமகள் திருப்பிச் சொல்லச் சொல்லவில்லை. நூறு பேரிடம் கேட்டவள் அந்த ஒருத்தியிடம் கேட்கவில்லை.

ஏழு நாள் கழித்து, திங்கட்கிழமை காலை, மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்தது. தையல்காரர் மனைவி மறுபடி வந்தாள்.

"கம்பவுண்டர் ஐயா, வாய்ப்புண்ணுக்குத் தடவுற மருந்து ஒண்ணு குடுங்க. இவருக்கு வாயெல்லாம் புண்ணு. கஞ்சி கூட இறங்கலை."

"சூடு. உடம்புச் சூடு" என்று சொல்லிக்கொண்டே கம்பவுண்டர் கையைத் தட்டுக்கு நீட்டிக் குழாயை எடுத்துவிட்டார். "மெஷின் முன்னாடியே உக்காந்திருந்தா சூடாகாம என்ன பண்ணும்?"

"எங்க உக்காந்தாரு? படுத்தே கிடக்காரு. பல் தேய்ச்சா ரத்தம் வேற வருது."

மருமகள் இருப்புக் கணக்குப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரத்தம் என்ற சொல் காதில் விழுந்ததும் நிமிர்ந்தாள்.

"அக்கா, அந்த மஞ்ச மாத்திரை எத்தனை போட்டாரு?"

"ஒரு நாள் கூடத் தவறலைம்மா! அதுல நான் கண்டிப்பு. நிலா வந்ததும் ஒண்ணு. மழை மேகத்துல நிலா தெரியாத அன்னிக்குக் கூட மணி எட்டானதும் குடுத்துட்டேன். இன்னும் ஒண்ணுதான் மிச்சம், இன்னிக்கு ராத்திரிக்கு."

மருமகள் புத்தகத்தை மூடி வைத்தாள்.

"தினமுமா? நான் திங்கள் மட்டும்னு எழுதினேனே அக்கா?"

"ஆமா, எழுதியிருந்தீங்க. எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு பொண்ணுகிட்டக் குடுத்தேன். அவதான் சொன்னா, 'திங்கள்னா நிலாம்மா, செய்யுளுக்குப் பொருள் எழுதுறப்ப டீச்சர் சொல்லிக் குடுத்தாங்க. நிலா மட்டும்னா ராத்திரி மட்டும்னு அர்த்தம், பக்கத்துலயே படம் போட்டிருக்கு பாரு'ன்னா. பரீட்சையில அந்தக் கேள்விக்கு முழு மார்க்கு வாங்கினவ." அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் பெருமை கூடத் தெரிந்தது.

அந்தக் குழந்தை சொன்னதில் என்ன தப்பு, நீங்களே சொல்லுங்கள். நிலாப் படத்துக்குப் பக்கத்தில் திங்கள் என்று எழுதினால், தமிழ் படித்த பிள்ளை வேறென்ன சொல்லும்?

மருமகள் நாற்காலியை விட்டு இறங்கினாள். என்ன செய்ய வேண்டும் என்று கைக்குத் தெரிந்திருந்தது. போனை எடுத்தாள். பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் பேசினாள். மருந்தின் பெயர், அளவு, ஏழு நாள், கடைசி மாத்திரை நேற்று இரவு எட்டு மணி, வாய்ப்புண், ஈறில் ரத்தம் என்று வரிசையாகச் சொன்னாள். "இதை முறிக்கிற மருந்து உங்ககிட்ட இருக்கா? இல்லைன்னா இப்பவே தேடச் சொல்லுங்க, நாங்க வந்துக்கிட்டிருக்கோம்." பிறகு கதவில் தொங்கிய அட்டையைத் திருப்பி வைத்தாள். 'மருந்தாளுநர் இல்லை. விற்பனை இல்லை.'

"நான் இருக்கேன்ல?" என்றார் கம்பவுண்டர்.

"நீங்க இருங்க மாமா. விக்காதீங்க."

அந்தக் குரலில் அவள் அவரிடம் பேசியதே இல்லை. கம்பவுண்டர் கையிலிருந்த குழாயைத் திரும்பத் தட்டில் வைத்தார்.

தையல்காரர் வீடு ஒற்றை அறை. பாதி தைத்த சட்டைகள் கயிற்றில் தொங்கின. அவர் உதட்டைத் திறக்கவே சிரமப்பட்டார். மருமகளும், போன் போட்டதும் வந்து சேர்ந்த அவள் கணவனும் ஆளுக்கொரு கை கொடுத்துத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் வாசலிலேயே நின்றிருந்தார்.

"போன்ல பேசினது நீங்கதானா? நல்லவேளை, கணக்காச் சொன்னீங்க. பாதிப் பேரு 'என்னமோ மஞ்ச மாத்திரை'ம்பாங்க, கண்டுபிடிக்கவே ஒரு நாள் ஆயிடும். ஊசி போட ஆரம்பிச்சிடலாம்." பேனாவை எடுத்துக்கொண்டு கேட்டார்: "எந்தக் கடையில குடுத்தது?"

"என் கடையில. நான்தான் குடுத்தேன்."

டாக்டர் ஒரு நொடி அவளைப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் வீட்டில் சோறும் பருப்பும் பொரித்த முட்டையும் மேசையில் ஆறிக்கொண்டிருந்தன. அவள் ஒரு பக்கம் தட்டை வைத்து, மறு பக்கம் தாளை வைத்து எழுதிக்கொண்டிருந்தாள். மருந்தாளுநர் மன்றத்துக்கு ஒன்று, ஆய்வாளருக்கு ஒன்று.

"அவங்க வீட்லேர்ந்து எடுத்துட்டு வந்த அந்தக் கவரைக் கிழிச்சுப் போட்டுடு" என்றார் கம்பவுண்டர்.

"கோப்புல வச்சிட்டேன் மாமா."

"பைத்தியமா உனக்கு? நம்பரை நிறுத்தி வச்சாங்கன்னா கடை மூடணும். அந்தத் தையக்காரன் ஒரு வார்த்தை புகார் சொல்லலை. டாக்டரம்மா காப்பாத்திடுவாங்க. நீயாப் போயி ஏன் தலையைக் குடுக்கிற?" மகன் பக்கம் திரும்பினார். "சொல்லேன்டா!"

"எனக்குத் தெரிஞ்ச வேதியியலுக்கு நான் இதுல பேசலாமாப்பா?" என்றான் மகன். சிரிக்கவில்லை. முட்டையை அவள் தட்டுக்குத் தள்ளினான். "சாப்பிட்டுட்டு எழுதும்மா."

"நாற்பது வருஷம் மருந்து குடுத்திருக்கேன்" என்றார் கம்பவுண்டர். "ஒரு தப்பு நடந்ததில்ல. படிப்பில்லாதவன்தான். ஒண்ணு கூட நடந்ததில்ல."

மருமகள் எழுதுவதை நிறுத்தினாள். குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

"நடக்கலையா மாமா, தெரிய வரலையா?"

கம்பவுண்டர் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டுக் கையை எடுத்தார்.

"ஒரு தடவை... பன்னெண்டு பல்லு வெட்ட வேண்டிய பாட்டில்ல ஆறு வெட்டி ஒட்டிட்டேன், ஒவ்வொரு வேளையும் ரெண்டு மடங்காயிடுச்சு. ஒரு வயசானவரு ஒன்றரை நாள் கண்ணே முழிக்கல. அப்புறம் முழிச்சுட்டாரு. டாக்டர் 'போகட்டும் விடு'ன்னாரு. விட்டுட்டேன்." தண்ணீரை எடுத்துக் குடித்தார். "யார்கிட்டப் போய்ச் சொல்ல? எங்களுக்குப் பதிவேடும் கிடையாது, கேட்க ஆளும் கிடையாது. அந்தத் தெருப் பக்கம் ஒரு வருஷம் நான் போகலை."

"எனக்குக் கேட்க ஆள் இருக்கு மாமா."

"அதுதாம்மா பயமா இருக்கு" என்றார் அவர்.

கடிதம் போனது. ஒன்பதாம் நாள் ஆய்வாளர் வந்தார். நனைந்த குடையை வெளியே மடக்கி வைத்து, காலை மிதியடியில் நன்றாகத் துடைத்து, வரிசையில் நின்றவர்களைக் கொஞ்ச நேரம் பொறுக்கச் சொல்லிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். அதிகம் பேசாத மனிதர். கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேசைமேல் இரண்டு படிவங்களை வைத்தார்: பதியாதவர் மேல் வழக்குக்கு ஒன்று, பதிந்தவர் மேல் நடவடிக்கைக்கு ஒன்று.

"இதைக் குடுத்தது யாரு?"

மருமகள் வாயைத் திறப்பதற்குள் கம்பவுண்டர் முக்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"நான்தாங்க. கண்ணு சரியாத் தெரியல. பழைய ஆளு."

"அந்த நேரம் மருந்தாளுநர் எங்க இருந்தாங்க?"

"உள்ள இருந்தா. அடுப்படியில."

அவர் ஏன் சொன்னார் என்று அவளுக்குப் புரியாமல் இல்லை. பதியாதவன் விற்றான் என்றால் கடைக்கு அபராதம் வரும், அவருக்கு வழக்கு வரும், அந்த வயதில் கோர்ட்டுப் படியேற வேண்டும். ஆனால் அவள் நம்பரில் ஒரு கீறல் விழாது. கிழவர் தன் தலையைக் கொடுத்து மருமகளை மீட்கப் பார்க்கிறார். பாசம்தான். ஆனால் அந்தப் பாசத்தை ஏற்றுக்கொண்டால் அவள் மறுபடி அடுப்படியில் இருந்தவள் ஆகிவிடுவாள். அரசாங்கத் தாளில் அப்படியே பதிவாகிவிடும். தப்பு போய்விடும், கூடவே நாற்காலியும் போய்விடும்.

"இல்ல சார்" என்றாள். "நான் இந்த நாற்காலியிலதான் இருந்தேன். நான் எண்ணிப் போட்டேன், நான் எழுதினேன், திருப்பிச் சொல்லச் சொல்லாம நான்தான் விட்டேன். மாமா என் மேல இருக்கிற பிரியத்துல பொய் சொல்றாரு."

"சும்மா இரும்மா" என்றார் கம்பவுண்டர்.

"நீங்க உக்காருங்க மாமா."

ஆய்வாளர் ஒரு வெள்ளைத் தாளை அவள் பக்கம் தள்ளினார். "கவர்ல இருக்கிறதை இதுல எழுதுங்க. கையெழுத்தைப் பார்க்கணும்."

அவள் எழுதினாள்: 'திங்கட்கிழமை இரவு. வாரம் ஒரே ஒரு முறை.'

"நான் சொன்னது கவர்ல இருக்கிறதை."

"அதை இனிமே நான் எழுத மாட்டேன் சார். எழுத்து ஒண்ணுதானே, ஒப்பிட்டுப் பார்த்துக்குங்க."

ஆய்வாளரின் வாயோரம் லேசாக அசைந்தது. எழுத்தை ஒப்பிட்டார். வழக்குப் படிவத்தை மடித்துப் பைக்குள் திரும்ப வைத்தார். மற்றதில் எழுத ஆரம்பித்தார், வாயால் சொல்லிக்கொண்டே. "எழுத்துமூல எச்சரிக்கை. பதிவேட்டில் ஏறும். இன்னொரு முறை நடந்தால் நம்பர் நிறுத்தப்படும். வார மருந்துக்குப் படக் கவர் கூடாது." பேனாவை நிறுத்திக் கேட்டார்: "இந்தக் கவர் வேற எத்தனை கடையில ஓடுது?"

"எங்க ஊர்ல எல்லாக் கடையிலயும் சார். பட்டியல் எழுதி வச்சிருக்கேன், அச்சகத்து விலாசத்தோட."

"குடுங்க. அத்தனை பேருக்கும் நான் கடிதம் எழுதணும். நீங்க எழுதலைன்னா இது எனக்குத் தெரிஞ்சே இருக்காது." எழுந்து நின்றார். "நோயாளி எப்படி இருக்காரு?"

"நேத்திலேர்ந்து கஞ்சி குடிக்கிறாரு. ரத்த அணு ஏற ஆரம்பிச்சிருக்கு. வர்ற வாரம் வீட்டுக்கு அனுப்பலாம்னு டாக்டர் சொல்றாங்க. விரல் வீக்கத்துக்குத்தான் மறுபடி மொதல்லேர்ந்து பார்க்கணும்."

"கையெழுத்துப் போடுங்க."

அவள் போட்டாள். ஆய்வாளர் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

வெளியே நின்ற வரிசைக்குக் காது நீளம் என்று உங்களுக்குத் தெரியாதா? முதலில் நின்றவர் லாரி செட்டுக்காரர், பருத்த மனிதர். ரத்த அழுத்தச் சீட்டை அவள் நீட்டிய கைக்குக் கொடுக்காமல், சுற்றிக்கொண்டு போய்க் கம்பவுண்டரின் முக்காலிப் பக்கம் நீட்டினார்.

"நீங்களே எடுத்துக் குடுத்துடுங்க கம்பவுண்டரே. அந்தம்மா ஏதோ தப்புப் பண்ணிட்டாங்களாமே. உங்க கை ராசியான கை."

கம்பவுண்டர் சீட்டை வாங்கினார், கண்ணாடியை இறக்கிப் படித்தார், எழுந்து தட்டிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்தார். எடுத்ததை மருமகளின் முன்னால் வைத்தார்.

"என் கை எடுத்துக் குடுத்துடும்ப்பா, ஒரு கேள்வியும் கேட்காது" என்றார். "அவ கேட்பா. பதில் சொல்லிட்டு வாங்கிட்டுப் போ."

லாரி செட்டுக்காரர் முணுமுணுத்துக்கொண்டே இந்தப் பக்கம் நகர்ந்து வந்தார். மருமகள் அட்டையைக் கையில் எடுத்தாள்.

"வேற என்னென்ன மருந்து போய்க்கிட்டிருக்கு அண்ணே?"